சோர்வுக்குப் பின் ஒரு தொழில்மாற்றம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த உரைக்காக என்னை அழைத்த செயலாளர் அக்கா, "பெண்களும் ஆரோக்கியமும்" என்று ஒரு தலைப்பைத் தந்திருந்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை பற்றியெல்லாம் நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவை முக்கியமான விடயங்கள்தான். ஆனால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக, ஊரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோ, லண்டன், சிட்னி போன்ற நகரங்களிலிருந்தும் எங்கள் பழைய மாணவிகள் தொலைபேசியில் என்னிடம் அதிகம் கேட்பது வேறொரு கேள்வி. "நீ எப்படி அந்த வேலையை விட்டாய்? வீட்டில் என்ன சொன்னார்கள்? காசுக்கு என்ன செய்தாய்?" இதுதான் அந்தக் கேள்வி. ஆகவே அக்காவிடம் அனுமதி பெற்று அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில்தான், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில் நடந்து போன அந்தச் சனக்கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கும், அதன்மேல் கணித, விஞ்ஞானக் கொப்பிகளும். பிறகு ஜாம் போத்தலில் திரி போட்டு, கொஞ்ச மண்ணெண்ணெயை நாள்கணக்காக மிச்சம் பிடித்துப் படித்தோம். எங்களுக்குப் பின் வன்னியில் இருந்த தங்கைமார் இதைவிடப் பலமடங்கு துன்பப்பட்டுப் படித்தவர்கள். இப்படிப் படித்து வந்தவர்களுக்குப் படிப்பும் தொழிலும் வெறும் உழைப்பு வழி அல்ல. தாய்தகப்பன் நகையை அடகு வைத்ததும், அண்ணன்மார் படிப்பை நிறுத்தி உழைக்கப் போனதும் அதற்குள் இருக்கின்றன. அப்படிக் கிடைத்த ஒன்றைக் கைவிடுவது பற்றி நினைப்பதே எங்களுக்குப் பெரும் பாவமாகத் தெரியும். நான் இன்று சொல்லப்போவதை இந்தப் பின்னணியோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஆங்கிலத்தில் "பேர்ன் அவுட்" என்கிறார்கள். தமிழில் தொழிற்சோர்வு என்று சொல்லலாம். இந்தச் சொல்லை மருத்துவ உலகுக்குள் கொண்டுவந்தவர் ஹேர்பர்ட் ஃபிரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர். அவர் நியூயோர்க்கில் பகலில் தன் சொந்தத் தொழிலையும் மாலையில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டுப் பணியையும் செய்து வந்தார். ஆர்வத்தோடு சேவைக்கு வந்த இளைஞர்கள் சில காலத்தில் எரிச்சலும் விரக்தியும் அடைந்து ஒதுங்குவதைக் கண்டார். தனக்கும் அதே நிலை வருவதைக் கவனித்தார். 1974இல் அதைக் கட்டுரையாக எழுதினார். இதில் எங்களுக்குத் தேவையான ஒரு செய்தி உண்டு. இந்தச் சோர்வைச் சோம்பேறிகளிடத்தில் அவர் காணவில்லை. மற்றவர்களுக்காகக் கூடுதலாக உழைத்தவர்களிடத்திலேயே கண்டார்.

பின்னர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மஸ்லாக் என்ற பேராசிரியை, சூசன் ஜக்சனோடு சேர்ந்து, 1981இல் இதை அளப்பதற்கான ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். அதன்படி தொழிற்சோர்வுக்கு மூன்று முகங்கள். முதலாவது, உணர்வு வற்றிப்போதல்: படுத்து எழும்பினாலும் தீராத களைப்பு. இரண்டாவது, மனிதரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல்: நோயாளியின் பெயர் மறந்து "ஏழாம் கட்டில்" மட்டும் நினைவில் நிற்பது. மூன்றாவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒரு நோயாக அல்ல. வேலைத்தளத்தில் நீண்டகாலம் தீர்க்கப்படாமல் இருக்கும் அழுத்தத்தால் வரும் ஒரு தொழில்சார் நிலையாக. அதாவது, இதன் வேர் வேலையில் இருக்கிறது என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. "உனக்கு மனத்தைரியம் காணாது" என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வோருக்கு இதுவே பதில்.

என் கதைக்கு வருகிறேன். உள்ளகப் பயிற்சி முடித்த பின் சில ஆண்டுகள் ஓர் ஆதார வைத்தியசாலை. அதன்பிறகு பதினொரு ஆண்டுகள் ஒரு பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. பெயர் தேவையில்லை, நாட்டின் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் இதே கதைதான். விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, நஞ்சருந்தியவர்கள் என்று எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் அது. அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன். மூச்சு நின்று வந்தவர் நாலாம் நாள் கட்டிலில் எழும்பியிருந்து தேத்தண்ணி குடிப்பதைக் காண்பதைவிட ஒரு வைத்தியருக்குப் பெரிய சன்மானம் இல்லை.

ஆனால் ஆறு பேர் செய்ய வேண்டிய கடமைப் பட்டியலை நாலு பேர் செய்தோம். பிறகு மூன்று பேர். ஒருவருக்குப் பிரசவ விடுமுறை என்றால் மாற்று ஆள் வரமாட்டார். 2020, 2021 கொரோனாக் காலத்தில் வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் குளித்து, பிள்ளைகளுக்குக் கிட்டப் போகாமல் தனி அறையில் படுத்த நாட்கள் உண்டு. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோல் வரிசையில் இரவு முழுவதும் நின்றுவிட்டுக் கடமைக்கு வந்த தாதியரை நான் அறிவேன். மருந்துத் தட்டுப்பாடு. "இதை வெளியில் வாங்கி வாருங்கள்" என்று கூலித் தொழிலாளி ஒருவரின் கையில் துண்டு எழுதிக் கொடுக்கும்போது, அவர் அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் விதத்திலேயே வாங்கமாட்டார் என்பது விளங்கும். அதே ஆண்டில் எங்களோடு வேலை செய்த வைத்தியர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். நின்றவர்களுக்குக் கடமை இன்னும் கூடியது.

நித்திரையைப் பற்றி ஒரு தகவல். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனுக்குச் சமமாகக் குறைகிறது. பல நாடுகளில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் குற்றம். எங்கள் கடமையோ 24 மணிநேரத்தைத் தாண்டி, சில வாரங்களில் 30 மணிநேரத்தையும் தொட்டது. அந்தக் கடமை முடிந்து நாங்கள் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனோம். இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. இங்கே இருக்கும் ஆசிரியைகளில் எத்தனை பேர் காலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்குப் போய், மாலையில் மேலதிக வகுப்பு எடுத்து, இரவில் விடைத்தாள் திருத்துகிறீர்கள்? வங்கியில், பிரதேச செயலகத்தில் இருப்பவர்களும் அப்படித்தான். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் எங்கள் தோழிகளைக் கேட்டால் அவர்கள் கணக்கு இதைவிட நீளம்.

என்னில் தெரிந்த அறிகுறிகளைச் சொல்கிறேன். உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ உதவலாம். ஞாயிறு மாலையானால் வயிற்றைப் பிசையும். பாட்டு, புத்தகம், கோயில் எதிலும் மனம் ஒட்டாது. வைத்தியசாலையில் நிதானமாகப் பேசுவேன். வீட்டில் மகள் தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்தாள் என்பதற்குக் கத்துவேன். ஒரு தகப்பனிடம் அவருடைய மகன் இறந்துவிட்டான் என்று சொன்ன அடுத்த நிமிடம், கன்டீனில் சாப்பாடு முடிந்திருக்குமோ என்று யோசித்தேன். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. களைப்பு எனக்குப் பழக்கம். அது என்னைப் பயமுறுத்தவில்லை. எதுவும் மனதில் தைக்கவில்லை என்பதே பயமுறுத்தியது.

இங்கே ஒரு வைத்தியராகச் சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோர்வு எல்லாம் தொழிற்சோர்வு அல்ல. எங்கள் வயதுப் பெண்களுக்குக் குருதிச்சோகை மிகச் சாதாரணம். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் இதே களைப்பும் மறதியும் உடற்பருமனும் வரும். நாற்பதுகளில் மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் நித்திரைக் குழப்பமும் எரிச்சலும் படபடப்பும் வரலாம். நீரிழிவும் இருக்கலாம். ஆகவே வேலையை விடுகிற கடிதத்தை எழுதமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நானும் செய்தேன், எனக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருந்தது. மூன்று மாதம் குளிசை எடுத்தபின் மூச்சுவாங்கல் குறைந்தது. ஞாயிறு மாலை வயிற்றுப் பிசைவு குறையவில்லை. அப்போது மற்றதை மற்றதாகப் பார்க்க முடிந்தது.

மனச்சோர்வு நோய் என்பதும் வேறு. தொழிற்சோர்வு உள்ளவர் நீண்ட விடுமுறை கிடைத்தால் ஓரளவு சிரிப்பார், சாப்பிடுவார். மனச்சோர்வு நோய் விடுமுறையிலும் கூடவே வரும், எல்லாவற்றிலும் படியும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணத்தையும் கொண்டுவரும். அந்த எண்ணம் ஒருதரம் வந்தாலும் தனியே வைத்திருக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். வைத்தியம் உண்டு, குணமும் உண்டு. அந்த நிலையில் வேலை பற்றிய பெரிய தீர்மானங்களைத் தள்ளிவைப்பது நல்லது. முதலில் சுகம், பிறகு தீர்மானம்.

சரி, பரிசோதனை முடிந்தது, நோய் எதுவும் இல்லை, வேலைதான் காரணம் என்று தெரிகிறது. உடனே வேலையை விடுவதா? இந்த இடத்தில் மஸ்லாக்கும் அவருடைய சகா மைக்கல் லைட்டரும் தரும் ஒரு பட்டியல் எனக்கு உதவியது. ஒரு வேலையில் ஆறு இடங்களில் கோளாறு வரலாம் என்கிறார்கள். வேலையின் சுமை. எங்கள் வேலையில் எங்களுக்குள்ள தீர்மான உரிமை. சம்பளமும் பாராட்டும். கூட வேலை செய்பவர்களோடுள்ள உறவு. நீதியாக நடத்தப்படுகிறோமா என்பது. எங்கள் மனச்சாட்சியும் அந்த வேலை கேட்பதும் ஒத்துப்போகின்றனவா என்பது.

நான் ஒரு கொப்பியில் ஆறு தலைப்பையும் எழுதி இரண்டு வாரம் குறித்து வந்தேன். உறவில் குறையில்லை, எங்கள் பிரிவுத் தாதியரும் சிற்றூழியர்களும் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் போல. சம்பளம் போதாதுதான், ஆனால் என்னை முறித்தது அதுவல்ல. சுமை ஒரு காரணம். மிகப் பெரிய காரணம் கடைசித் தலைப்பில் இருந்தது. ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் இருந்து கதைத்து, அவருக்கு விளங்கும்படி சொல்லிவிட்டு அனுப்புவதே வைத்தியம் என்று நான் நம்புகிறவள். எனக்குக் கிடைத்ததோ அரை நிமிடம். இது தெரிந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது: மருத்துவத்தை நான் வெறுக்கவில்லை. அதைச் செய்யும் முறையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

உங்களில் சிலருக்கு இந்தப் பட்டியல் வேறு பதிலைத் தரும். என் வகுப்புத் தோழி ஒருத்தி கனடாவில் கணக்காளர். அவளுக்குக் கோளாறு முழுவதும் ஒரேயொரு மேலாளரோடுதான். பிரிவை மாற்றிக் கேட்டாள். அதே கம்பனியில் இன்றும் சந்தோசமாக இருக்கிறாள். இன்னொருத்தி பதினாறு வருடம் செய்த வங்கி வேலையை விட்டுவிட்டு முன்பள்ளி ஆசிரியையாகப் படித்தாள். இரண்டும் சரியான தீர்மானங்களே. எங்கே வலிக்கிறது என்று பார்க்காமல் வேலையை மாற்றினால், அதே வலி புது வேலையிலும் காத்திருக்கும்.

இனிக் காசு. மேடையில் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். ஆனால் எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் கணவரும் ஒருநாள் இரவு இருந்து மூன்று கணக்கு எழுதினோம். மாதம் கட்டாயம் தேவைப்படுவது எவ்வளவு. கட்டி முடிக்க வேண்டிய கடன் எவ்வளவு. என் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கலாம். வங்கிக் கடனும் ஒரு சீட்டும் இருந்தன. அந்தச் சீட்டு முடியும்வரை, அதாவது பதினான்கு மாதம், நான் வேலையில் இருந்தேன். காரை விற்றோம். ஓய்வூதியம், சேவைக்காலம் பற்றி வாய்ப்பேச்சாகக் கேட்காமல் நிர்வாகப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினேன். முதலில் சம்பளமற்ற விடுமுறை எடுத்தேன்; பிறகே விலகல் கடிதம் கொடுத்தேன். முதலாவது ஆண்டில் எங்கள் வீட்டு வருமானம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அது கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் ஒரு தனியார் வகுப்பை நிறுத்தினோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு துணிச்சலான பாய்ச்சல் போலத் தெரிந்திருக்கும். உள்ளே அது பதினான்கு மாதக் கணக்குப் புத்தகம்.

அந்தப் பதினான்கு மாதமும் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். முடிவுத் திகதி ஒன்று தெரிந்தவுடன் பாரம் பாதியாகியது. கடமை முடிந்தால் தொலைபேசியை நிறுத்திவிட்டு நித்திரை கொண்டேன். மேலதிகக் கடமைகளில் சட்டப்படி மறுக்கக்கூடியவற்றை மறுத்தேன். வாரத்தில் ஒரு பின்னேரம் வயதான ஒருவரின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். அது நான் போக நினைத்த பாதையைச் சின்னதாகப் பரீட்சித்துப் பார்ப்பதாகவும் அமைந்தது.

சனம் என்ன சொன்னது? எங்கள் ஊரில் சொல்லாமல் விடுவார்களா! "டொக்டர் வேலையை விட்டிட்டாளாம், ஏதோ பிரச்சினை போலக் கிடக்கு" என்று சிலர். "புருசன் விடச் சொல்லியிருப்பார்" என்று சிலர். அவர் பாவம், அவருக்கு அது தெரியாது. என் அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "பிள்ளை, உன்னைப் படிப்பிக்கிறதுக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே" என்றார். "தெரியும் அம்மா, அந்தப் படிப்பை நான் எங்கேயும் எறியவில்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அயல்வீட்டு மாமிக்குச் சலரோகப் புண் வந்தபோது, "என்ர மகள் வீட்டுக்கே வந்து பாப்பாள்" என்று சொல்லி அனுப்பியவர் அம்மாதான்.

இப்போது நான் செய்வது இதுதான். வயதானவர்களையும் நீண்டகால நோயாளிகளையும் அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கிறேன். அதோடு, அவர்களைப் பராமரிக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். வடக்கில் பல வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து இருக்கிறார்கள். அம்மாவோ அப்பாவோ மாத்திரம் பெரிய வீட்டில். இந்த மலரை வெளிநாட்டிலிருந்து வாசிக்கப்போகும் சகோதரிகளே, இதைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு ஐயாவின் வீட்டில் மூன்று கிளினிக் கொப்பிகள்; மூன்று கொப்பியிலும் சேர்த்துப் பதினொரு வகைக் குளிசைகள்; அதில் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு தரம். காலில் தலைச்சுற்றி விழுந்த காயம். பிள்ளைகள் காணொளியில் கேட்டால் "சுகமாய் இருக்கிறன் ராசா" என்பார். குளிசைகளைச் சீராக்க எனக்கு ஒரு மணிநேரம் பிடித்தது. அந்த ஒரு மணிநேரம் எனக்கு முன்பு ஒருபோதும் கிடைத்ததில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் கற்றது எதுவும் வீணாகவில்லை. யாரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும், யாரை வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்பதை வாசலிலேயே ஊகிக்க முடிகிறது. ஆனால் இழந்தவையும் உண்டு, மறைக்க மாட்டேன். நிபுணத்துவப் பட்டம் இனி எனக்கு இல்லை. என்னோடு படித்தவர்கள் விசேட வைத்திய நிபுணர்களாக இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது சிலவேளை மனம் கொஞ்சம் சுருங்கும். ஒரு குழுவாக நின்று ஓர் உயிரைப் பிடித்திழுக்கும் அந்த வேகம் இப்போது இல்லை. வீடுகளில் நான் பார்ப்பவர்களில் பலர் இறப்பை நோக்கிப் போகிறவர்கள். ஆனால் ஒருவர் இறந்தால் அழுகை வருகிறது. அது திரும்பி வந்ததற்காக நன்றியோடு இருக்கிறேன்.

தொழிலை மாற்றுவது புதுமையான செயலும் அல்ல. நாற்பதுக்குப் பின் என்ன மாற்றம் என்று கேட்கும் தோழியருக்கு சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரைச் சொல்வேன். 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு வலி அந்த வேலையைத் தொடர விடவில்லை. வைத்தியசாலைச் சமூகசேவகியானார். இறக்கும் நோயாளிகளின் வலியைக் கண்டு, முப்பது வயதைத் தாண்டியபின் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957இல் வைத்தியரானார். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் நல்லிறப்பு இல்லத்தைத் திறந்தபோது அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. இன்று உலகெங்கும் நடக்கும் வலிதணிப்புப் பராமரிப்புக்கு வழிகாட்டியது அந்த இல்லம். தாதியாகக் கற்றதும் சமூகசேவகியாகக் கற்றதும் வைத்தியராகக் கற்றதும் அங்கே ஒன்றாகப் பயன்பட்டன.

எங்கள் மண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டொக்டர் சாமுவேல் கிறீனை நாங்கள் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். 1847இல் வந்த அவர் பத்து ஆண்டுகளின் பின் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார் என்பதை அவ்வளவாக நாம் பேசுவதில்லை. சில ஆண்டுகள் அங்கே இருந்து தேறிய பின் 1862இல் மீண்டும் வந்து, மேலும் பத்தாண்டுக்கு மேல் பணிசெய்தார். ஓய்வெடுத்ததால் அவர் சேவை குறைந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த உரை நீதியாக இராது. எல்லோராலும் வேலையை விட முடியாது. கணவரை இழந்தவர்கள், தனியே குடும்பம் தாங்குபவர்கள், கடனில் இருப்பவர்கள், விசா நிபந்தனையால் ஒரே முதலாளியிடம் கட்டுண்டவர்கள் எங்களில் பலர் உண்டு. என்னிடம் உழைக்கும் கணவரும் சொந்த வீடும் இருந்தபடியால் நான் மாற முடிந்தது. முடியாதவர்களிடம் "துணிந்து விடு" என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. அவர்களுக்கு வேலைத்தளம் மாற வேண்டும். எங்கள் பழைய மாணவிகளில் அதிபர்கள், முகாமையாளர்கள், பணிப்பாளர்கள், தாதியர் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்களின் கடமைப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. விடுமுறை கேட்டு வருபவரிடம் காரணம் துருவாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் வேலை அனுப்பாதீர்கள். நன்றாக வேலை செய்பவள் என்பதற்காக எல்லா வேலையையும் அவள் தலையிலேயே போடாதீர்கள்.

வீட்டிலும் அப்படித்தான். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீடு இரண்டாவது கடமை நேரமாக இருக்கும்வரை எந்தத் தொழில்மாற்றமும் அவளை முழுதாக ஆற்றாது. மகன்மாருக்குச் சோறு வடிக்கப் பழக்குங்கள். என் மகன் இப்போது நன்றாகப் பருப்புக் காய்ச்சுவான்; உப்பு மட்டும் கொஞ்சம் கூடும்.

எங்கள் சங்கத்துக்கு மூன்று சிறிய வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுதோறும் உயர்தர மாணவிகளுக்கு நடத்தும் தொழில் வழிகாட்டல் நாளுக்கு, ஒரே தொழிலில் உச்சிக்குப் போனவர்களோடு, இடையில் தொழில் மாறிய ஒருவரையும் அழையுங்கள். இரண்டு, தொழில் மாற நினைக்கும் பழைய மாணவிகள் அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரோடு பேசுவதற்கு, நாடுவாரியாக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருங்கள். அரை மணிநேரப் பேச்சு ஒருவரின் ஓராண்டுத் தடுமாற்றத்தைக் குறைக்கும். மூன்று, படிப்பை மீண்டும் தொடங்க விரும்பும் முப்பது, நாற்பது வயதுப் பழைய மாணவிகளுக்கும் எங்கள் நிதியத்திலிருந்து ஒரு சிறு வட்டியில்லாக் கடன் கொடுக்க முடியுமா என்று நிர்வாகக் குழு ஆராய வேண்டும்.

கடைசியாக, பின்வரிசைத் தங்கைமாருக்கு. மண்டபச் சுவரில் உள்ள பலகையில் உங்கள் பெயர் வரவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். வரட்டும், உழையுங்கள். ஆனால் பதினெட்டு வயதில் எடுக்கும் ஒரு தீர்மானம் அறுபது வயதுவரை உங்களைக் கட்டிப்போடும் என்று பயப்பட வேண்டாம். இந்தப் பாடசாலை எங்களுக்குத் தந்தது ஒரு பாடத் தெரிவை மட்டுமல்ல. எந்த வயதிலும் ஒரு புதுக் கொப்பியை எடுத்து முதற்பக்கத்தில் பெயரை எழுதிப் படிக்கத் தொடங்கும் பழக்கத்தையும் தந்தது. நானும் வருகிற மாதம் முதியோர் பராமரிப்புப் பற்றிய ஒரு கற்கைநெறியில் சேர்கிறேன். வகுப்பில் மூத்த மாணவி நானாகத்தான் இருப்பேன் என நினைக்கிறேன்.